வண்டி வரும்வரை நம் கையில் இருக்கும் நேரம்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் ஜகாத் கணக்கு, கல்வி உதவி, ஏழைக் குமருகளின் திருமண உதவி என்றுதான் பேசுவோம். இன்று அந்தக் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு வேறொன்றைப் பேச வந்திருக்கிறோம். மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களை உட்கார்ந்து படித்தால் ஒரு விஷயம் தெரியும். பல மனுக்களில் பெரிய செலவு மருத்துவமனையில் ஆரம்பிக்கவில்லை, வீட்டிலேயே ஆரம்பித்திருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடாததைச் செய்து, செய்ய வேண்டியதை விட்டதில் ஆரம்பித்திருக்கிறது. சில மனுக்கள் மருத்துவச் செலவுக்கு என்று எழுதப்பட்டு, நம் கையில் வந்து சேரும்போது கஃபன் செலவுக்கு என்று மாறியிருக்கின்றன.

நம் வீடுகளின் நிலைமையும் கொஞ்சம் தனிதான். அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி, வழுத்தூர், பண்டாரவாடை, ராஜகிரி என்று எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் வீட்டு ஆண்கள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ சபரில் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு ஆபத்து என்றால் வீட்டில் இருப்பது வயதான மாமியார், மருமகள், இரண்டு குழந்தைகள். வெளிநாட்டுக்கு வீடியோ கால் போட்டு "என்னங்க செய்யறது?" என்று கேட்பதற்குள் நேரம் போய்விடுகிறது. அதனால்தான் இன்றைய பேச்சைப் பெண்களை முன்னால் உட்கார வைத்துப் பேசுகிறோம்.

இது பெண்களுக்குப் புதிய வேலையும் அல்ல. ருஃபைதா அல் அஸ்லமிய்யா (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணியைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லாமல் விட்டுவிட்டோம். ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப் போரில் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு பட்டு இரத்தம் நிற்காமல் போனபோது, மதீனாப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதாவின் கூடாரத்தில்தான் அவரைச் சேர்த்தார்கள். உம்மு அதிய்யா (ரலி), ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) ஆகியோரும் போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள் என்று ஹதீஸ்களில் வருகிறது. ஐரோப்பாவில் நைட்டிங்கேல் அம்மையார் விளக்கோடு நடந்ததற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய சங்கதி இது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நெல் விளையும் ஊரில் முதலில் பேச வேண்டியது பாம்புக்கடி.

நெல் இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் பாம்பு வரும். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைக் கவனிக்காமல் விடப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நம் தமிழ்நாடு அரசும் 2024 நவம்பரில், எந்த மருத்துவமனைக்குப் பாம்புக்கடி வந்தாலும் அரசுக்குத் தகவல் தெரிவித்தாக வேண்டும் என்று அறிவித்துவிட்டது.

உயிருக்கு ஆபத்தான கடிகளில் பெரும்பாலானவை நான்கு பாம்புகளால் வருகின்றன: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியன் வயலில், வைக்கோலில் கிடக்கும். கடித்த இடம் வீங்கும், கடுமையாக வலிக்கும், ஈறிலிருந்து இரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். இதில் ஒரு நன்மை, யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். வலி பொறுக்காமல் மருத்துவமனைக்கு ஓடிவிடுவார்கள்.

கட்டு விரியன் அப்படி அல்ல. அது இரவில் வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். கொசு கடித்த அளவுகூடத் தெரியாமல் போகலாம். வீக்கம் இருக்காது, கடித்த தடமும் பல நேரம் கண்ணில் படாது. நள்ளிரவுக்கு மேல் வயிற்று வலி என்று எழுந்து உட்காருவார்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பெயர் வேண்டாம். கோடைக்காலம், கரண்ட் இல்லாத இரவு, திண்ணையை ஒட்டிய அறையில் தரையில் படுத்திருந்த இளம் மருமகள் மூன்று மணிக்கு வயிறு வலிக்கிறது என்றாள். வாய்வு என்று நினைத்து மாமியார் ஓமத் தண்ணீர் கொடுத்தார். பாவம், அவரும் அன்பாகத்தான் கொடுத்தார். சுபுஹு பாங்கு சொல்லும் நேரம் அந்தப் பெண்ணால் கண்ணைத் திறக்க முடியவில்லை, கொடுத்த தண்ணீரும் தொண்டையில் இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் நர்சிங் படிக்கும் ஒரு பிள்ளை விடுமுறைக்கு வந்திருந்தாள். பார்த்தவுடன், "மாமி, இமை தொங்குது, இது வாய்வு இல்லை" என்று சொல்லி 108-க்கு போன் போட்டாள். ஐந்து நாள் வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், இன்று அந்தப் பெண் தன் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறாள். அந்த நர்சிங் பிள்ளை அங்கே எந்த மருந்தும் கொடுக்கவில்லை. இமையைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஆகவே தரையில் படுத்தவர் இரவில் காரணம் தெரியாமல் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்து, பிறகு இமை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, விழுங்கக் கஷ்டப்பட்டாலோ, கடித்த தடத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பாம்புக்கடி என்றே நினைத்துப் புறப்படுங்கள்.

பாம்பு கடித்துவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? முதலில், கடிபட்டவரிடம் நிதானமாகப் பேசுங்கள். கடித்ததெல்லாம் விஷப்பாம்பு அல்ல. விஷப்பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு முறையும் விஷம் ஏறுவதில்லை. பயந்து ஓடினால் இதயம் வேகமாக அடித்து விஷம் விரைவில் பரவும். அவரை நடக்கவிடக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு, கடிகாரம் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்கு முன் கழற்றிவிடுங்கள். கை கால் முறிந்தவருக்குக் கட்டுவதுபோல ஒரு மட்டையையோ பலகையையோ வைத்துத் துப்பட்டாவால் தளர்வாகக் கட்டி, அந்த உறுப்பு அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தளர்வாக என்பதை அழுத்திச் சொல்கிறோம். கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது நம் ஊரில் இன்னும் போகவில்லை. இறுக்கிக் கட்டினால் விஷம் நிற்பதில்லை. இரத்த ஓட்டம்தான் நிற்கிறது, காலையே எடுக்க வேண்டி வருகிறது. யாராவது ஏற்கனவே இறுக்கிக் கட்டியிருந்தால் பதறிப்போய் வழியில் அவிழ்க்கவும் வேண்டாம், மருத்துவர் முன்னிலையில் அவிழ்க்கட்டும். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, சூடு போடுவது, மிளகு தின்னக் கொடுத்துப் பார்ப்பது எதுவுமே வேண்டாம். கடிவாயைத் தொடாமல் விட்டுவிடுங்கள். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வரவும் தேவையில்லை. அதைத் தேடப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்கிக்கொண்டு வருவார். முடிந்தால் தூரத்திலிருந்து செல்போனில் ஒரு படம் எடுங்கள், போதும்.

வயல் நடுவில் கடித்தால் ஆம்புலன்ஸ் வரப்பில் வராது. ஒரு நார்க்கட்டிலில் படுக்க வைத்து நாலு பேர் தூக்கி ரோட்டுக்குக் கொண்டு வாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் பைக்கில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு வாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மனம் விட்டுப் பேச வேண்டும். சிலர் முதலில் ஓதிப் பார்ப்பவரிடம் கொண்டு போகிறார்கள். தேள் தீண்டிய தலைவருக்கு ஸஹாபி ஒருவர் ஃபாத்திஹா ஓதிய ஹதீஸை நாங்களும் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அதை மறுத்துப் பேச வரவில்லை. ஓதுங்கள், ஆனால் வண்டியில் ஏறிய பிறகு ஓதுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பச்சிலை கொடுப்பவர்களுக்கும் இதே பதில்தான். அவர்களிடம் போய்ப் பிழைத்தவர்கள் பெரும்பாலும் விஷம் ஏறாதவர்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் விஷம் ஏறியவர்களின் நேரத்தையும் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாம்பு விஷத்துக்கு மருந்து ஒன்றுதான்: விஷமுறிவு ஊசி மருந்து. அது அந்த நாலு பாம்புகளுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதியைக் கொடுப்பது யார் தெரியுமா? சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978 முதல் இயங்குகிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். நம் மாநில அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து இலவசம். தஞ்சை மருத்துவக் கல்லூரி, கும்பகோணம் அரசு தலைமை மருத்துவமனை, திருவாரூர் மருத்துவக் கல்லூரி என்று நமக்கு எட்டும் தூரத்தில் இடங்கள் இருக்கின்றன. எது பக்கம் என்று 108-இல் கேட்டுக்கொண்டே போங்கள்.

அங்கே போனதும் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து இருபது நிமிடம் ஆடாமல் வைத்திருப்பார்கள். உறையாமல் இருந்தால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று தெரியும். "சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள், யாரும் கவனிக்கவில்லை" என்று சண்டைக்குப் போகாதீர்கள். அந்த இருபது நிமிடமும் வைத்தியம்தான். குழந்தைக்கும் பெரியவருக்குக் கொடுக்கும் அளவு மருந்தே கொடுப்பார்கள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லையே. ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் ஒரு நாள் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டு அழைத்து வராதீர்கள்.

வராமல் தடுப்பதும் நம் கையில்தான். கட்டிலில் படுங்கள், தரையில்தான் படுப்போம் என்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள். விறகு, வரட்டி, வைக்கோலை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். சுபுஹு தொழுகைக்கு இருட்டில் சந்து வழியாக வரும் பெரியவர்களுக்கு ஒரு டார்ச் லைட் வாங்கிக் கொடுங்கள். விலை அதிகமில்லை, பிள்ளைகள் செய்கிற நல்ல கித்மத் அது.

அடுத்தது தண்ணீர். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, புதாறு எல்லாம் ஓட ஆரம்பிக்கும். அதுவரை காய்ந்து கிடந்த இடத்தில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் அதே இடத்தில் குதிக்கிறார்கள். கொள்ளிடத்தில் மணல் எடுத்த பள்ளம் எங்கே என்று நீந்தத் தெரிந்தவனுக்கும் தெரியாது. ஒருவன் மூழ்கினால் காப்பாற்றக் குதித்த இன்னொருவனும் சேர்ந்து போவதை நாம் ஒவ்வொரு வருஷமும் கேள்விப்படுகிறோம். குதிக்காதீர்கள். கைலி, துப்பட்டா, கயிறு, மூங்கில், மூடிய காலி எண்ணெய் கேன், எதையாவது எறியுங்கள் அல்லது நீட்டுங்கள்.

கரைக்குத் தூக்கியதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் நம் பக்கத்துப் பழக்கம். சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். அது நேரத்தை வீணாக்குகிறது. வயிற்றில் இருப்பது நுரையீரலுக்கும் போய்விடும். மூச்சு இருக்கிறதா என்று பத்து நொடிக்குள் பாருங்கள். இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். முதலில் ஐந்து முறை. பிறகு நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து முப்பது முறை அழுத்த வேண்டும், இரண்டு முறை ஊத வேண்டும், திரும்ப முப்பது. பெரியவருக்கு ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். கை வலித்தால் ஆளை மாற்றுங்கள், அழுத்துவதை நிறுத்தாதீர்கள். தண்ணீரில் மூழ்காமல், திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து மூச்சு நின்ற பெரியவருக்கு ஊதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அழுத்தினாலே போதும். மூழ்கி எழுந்து நன்றாகப் பேசுகிற பிள்ளையையும் ஒருமுறை மருத்துவமனையில் காட்டுங்கள். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்துக்கூடத் தொல்லை கொடுக்கும்.

இதைச் சொன்னதும் ஒரு சகோதரர் எங்களைத் தனியாகக் கேட்டார்: "விழுந்து கிடப்பது அந்நியப் பெண் என்றால் நாம் எப்படி நெஞ்சில் கை வைப்பது?" நியாயமான கேள்வி, வெட்கப்பட வேண்டியதில்லை. நிர்ப்பந்த நிலையில் சட்டம் தளரும் என்பது ஃபிக்ஹு படித்த எல்லோருக்கும் தெரிந்த விதி. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. மேலே துப்பட்டாவைப் போட்டே அழுத்தலாம், அதில் குறையில்லை. மற்ற பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ளலாம். ஆனால், தெரிந்த பெண் வரட்டும் என்று காத்து நிற்கக் கூடாது. நாலைந்து நிமிடத்தில் மூளை சாக ஆரம்பித்துவிடும். அதே சமயம், தெருவுக்கு இரண்டு பெண்களுக்கு இது தெரிந்திருந்தால் இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது. அதை நோக்கித்தான் வருகிறோம்.

தீக்காயம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளை இழந்த மண் நம்முடையது. கூரையில் பிடித்த நெருப்பு எவ்வளவு வேகமானது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாங்கள் இங்கே சொல்ல வருவது சின்ன விஷயம். ரமலானில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். கொதிக்கும் தேக்சாவைச் சுற்றித் தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். கஞ்சி குழைவானது, தண்ணீரைப்போல வழிந்து ஓடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். இந்த ரமலானிலிருந்து அடுப்பும் விநியோகமும் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று முத்தவல்லிகளைக் கேட்டுக்கொள்கிறோம். பட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம். ஐஸ் வேண்டாம். பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், பேனா மை எதையும் பூசாதீர்கள். பூசினால் மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை இரண்டாவது முறை துடிக்கும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடிக் கொண்டு போங்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். அரிவாள் வெட்டு, விபத்து இரத்தம் எதுவானாலும் சுத்தமான துணியை வைத்துக் கையால் நேராக அழுத்திப் பிடியுங்கள்; துணி நனைந்தால் எடுக்காமல் மேலேயே இன்னொன்று வையுங்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவியும் இரும்பும் கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்காமல், அடிபடாமல் பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஒரு பக்க வாய் கோணி, கை தூக்க முடியாமல் போனால் அது பக்கவாதம். மணி என்ன என்று குறித்துக்கொண்டு ஓடுங்கள், நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய மருந்து இருக்கிறது. நோன்பு வைத்த சர்க்கரை நோயாளி வியர்த்து நடுங்கினால் நோன்பை முறித்து உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம்தானே என்று பார்க்காதீர்கள். ஆனால் நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குழந்தை பூச்சிமருந்தையோ எலி பேஸ்டையோ வாயில் வைத்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், அந்த டப்பாவோடு மருத்துவமனைக்குப் போங்கள். எலி பேஸ்ட் தின்ற பிள்ளை முதல் இரண்டு நாள் நன்றாக விளையாடும், பிறகுதான் ஈரல் கெடுவது தெரியும். விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

108 வண்டி 2008 செப்டம்பரிலிருந்து நம் மாநிலத்தில் ஓடுகிறது. ஒரு பைசா கிடையாது. போனில் பதறாமல் ஊர், தெரு, பக்கத்துப் பள்ளிவாசல் பெயர் சொல்லுங்கள். ஒரு பையனை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ் கேஸ் வருமே என்ற பயம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றமும், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் உதவி செய்பவருக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டன. பெயர் சொல்லும்படிகூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய அரசுத் திட்டமும் இருக்கிறது. பணம் இல்லையே என்று நடுரோட்டில் யோசித்து நிற்க வேண்டாம்.

கடைசியாக, அறக்கட்டளை எடுத்திருக்கும் முடிவு. தெருவுக்கு இரண்டு பெண்கள், ஒரு வாலிபர் என்று பெயர் எடுத்து, ஷவ்வால் மாதத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. தகுதி பெற்ற செவிலியர்களை வைத்தே நடத்துவோம். பெண்களுக்குப் பெண்களே கற்றுத் தருவார்கள். இரவில் கார் எடுக்கச் சம்மதிக்கும் ஓட்டுநர்களின் பட்டியல் ஒன்றைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுவோம். நர்சிங் படிக்க விரும்பும் பெண் பிள்ளைகளின் விண்ணப்பங்களை இந்த ஆண்டு கல்வி உதவியில் முன்னால் எடுப்பது என்றும் நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. "நர்ஸ் வேலைக்கு அனுப்பினால் மாப்பிள்ளை கிடைக்காது" என்று சொல்லும் பெற்றோர்கள் அந்த ஐந்து நாள் வென்டிலேட்டர் சங்கதியை வீட்டில் போய் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

பெயர் கொடுப்பவர்கள் இன்று மஃரிபுக்கு முன் வாசலில் இருக்கும் மேசையில் கொடுக்கலாம். வகுப்புக்கு வரும்போது பழைய தலையணை ஒன்றும் துப்பட்டா இரண்டும் கொண்டு வாருங்கள். தலையணை அழுத்திப் பழக, துப்பட்டா கட்டிப் பழக. வஸ்ஸலாம்.